தாடையில் நாலு திருகாணி

காலை ஒன்பதே கால்.

அறிவுமதி பூட்டைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். கணினித் திரையில் தன் முகத்தைப் பார்த்தாள்.

உதடு வரைக்கும் அவள் முகம்தான். நெற்றியில் பொட்டு, வலது மூக்கில் மூக்குத்தி, புகைப்படம் எடுக்கும்போது மட்டும் வரும் அந்த அசட்டுப் பார்வை. உதட்டுக்குக் கீழே தோல் இல்லை. யாரோ பனங்கிழங்கை உரிப்பது போல நிதானமாக உரித்திருந்தார்கள். சதை ஓரத்தில் சுருண்டு கிடந்தது. வெள்ளைத் தாடையெலும்பு தெரிந்தது. பல் வரிசை தெரிந்தது. இடது காதுக்குக் கீழே எலும்போடு இறுக்கிய ஓர் உலோகத் தகடும், அதில் நாலு திருகாணியும் தெரிந்தன. அதற்கும் கீழே ஒரு வரி:

‘அடுத்தது கழுத்து. வீட்டுக்குப் போய்விடு.’

அலறத்தான் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. துப்பட்டாவை உருவித் திரையின் மேல் எறிந்தாள். படிக்கட்டில் இறங்கித் தெருவில் நின்ற பிறகுதான் செருப்பு மேலேயே இருப்பது தெரிந்தது.

விவரம் தெரியாதவர்கள் இதற்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பார்கள். பே கோபுரத் தெரு மாடியில் இருந்த ‘அங்கம் அனிமேஷன்ஸ்’ நிறுவனத்தில் தோலை உரிப்பதற்குத்தான் சம்பளம். மருத்துவக் கல்லூரிகளுக்கும் மருந்து கம்பெனிகளுக்கும் உடம்பின் உள்பாகங்களைக் கணினியில் முப்பரிமாணமாகச் செய்து, அசைய விட்டுக் கொடுப்பார்கள். சுவரெல்லாம் கல்லீரல். 2005ஆம் வருடக் காலண்டரில் மாதத்துக்கு ஒரு குடல். மதியச் சாப்பாட்டை எல்லோரும் மொட்டைமாடிக்கு எடுத்துப் போனதற்குக் காற்று மட்டும் காரணம் இல்லை.

ஆனால் அந்தக் கல்லீரல்களுக்குச் சொந்தக்காரர் பெயர் கிடையாது. இந்தத் தாடைக்கு இருந்தது.

இது மூன்றாவது படம். திங்களன்று தோல் இல்லாத ஒரு கை, விரலில் அவளுடைய மோதிரம். செவ்வாயன்று இமை இல்லாத ஒரு கண். இரண்டையும் அவள் சரியாகப் பார்க்காமலே அழித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தாள். அது பொய்யும் இல்லை, உடம்பு உண்மையிலேயே கொதித்தது. வியாழனன்று தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வந்தவளுக்குத்தான் இந்த வரவேற்பு.

சப்-இன்ஸ்பெக்டர் சக்கரவர்த்தி பத்து மணிக்கு வந்தார். இடது கன்னம் இட்லி போல வீங்கியிருந்தது. அதை ஒரு கையால் தாங்கிக்கொண்டே படியேறினார்.

“பேரு சக்கரவர்த்தி” என்றார். “ஆளறது ஒரே ஒரு ஜீப்பு. அதுலயும் பிரேக்கு நம்ம பேச்சைக் கேக்காது. யாருங்க இங்க முதலாளி?”

“நான்தாங்க, கோதண்டராமன். பல்லுங்களா சார்? டாக்டரைப் பாக்கலையா?”

“ரவுடிங்களைப் பாப்பேன். பல் டாக்டரைப் பாக்கத்தான் பயம். ஒரு டீ சொல்லுங்க, சூடு ஒத்தடம் மாதிரி இருக்கும்.”

“கீழ கடை மூடியிருக்குங்க. கடைக்காரர் முருகையனோட சம்சாரம் சரோஜாவுக்கு இன்னைக்கு மெட்ராஸ்ல ஆபரேஷன். மூளைல கட்டி. மதியம் ஒரு மணிக்கு.” கோதண்டராமன் குரலில் கொஞ்சம் பெருமை சேர்ந்துகொண்டது. “அந்த டாக்டருக்கு நாங்கதான் கட்டி இருக்கற எடத்தை மாடலா செஞ்சு குடுத்தோம், இலவசமா. கத்தி வைக்கறதுக்கு முன்னாடி அவர் கம்ப்யூட்டர்லயே ஒத்திகை பாத்துக்கலாம். வளவன் செஞ்சது. நேத்து சி.டி. அனுப்பியாச்சு.”

சக்கரவர்த்தி சுவரில் இருந்த நுரையீரலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அறிவுமதி மூலையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா அப்பாசாமி. தகவல் தெரிந்ததும் பக்கத்து ஊரான அடி அண்ணாமலையிலிருந்து பறந்து வந்திருந்தார். மகளுடைய பையை எடுத்து ஏற்கெனவே தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னா வேலைங்க இது” என்றார் சப்-இன்ஸ்பெக்டரிடம். “விலங்கியல் படிச்சுது, வாத்தியார் ஆவும்னு பாத்தேன். தவளை படம் நல்லா போடுதுன்னு காலேஜ்ல சொல்லி உசுப்பிவுட்டாங்க. இப்ப பொண்ணு இன்னா செய்யுதுன்னு எவனாவது கேட்டா, கம்ப்யூட்டர்ல கொடல் வரையுதுன்னா சொல்றது? சரி, பிடிச்சிருக்குது, செய்யட்டும்னு வுட்டேன். இன்னையோட போதும். மூணு மணி பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். இனி அனுப்ப மாட்டேன்.”

அறிவுமதி மறுத்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசுகிற வயதில் இருந்த ஒரு பெண் தன் கைகளைத் துப்பட்டா இல்லாத மடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, அந்தத் தகடு உண்மையிலயே இருக்குதா?”

“இருக்கு சார். ரெண்டு வருஷம் முன்னாடி வண்டில இருந்து விழுந்தேன். தாடை உடைஞ்சுது.” அவள் வலது காதுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். சின்னத் தழும்பு. “இந்தப் பக்கம் கெட்டியா எதுவும் மெல்ல முடியாது.”

“எனக்கு இடது பக்கம் முடியாது. நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு முறுக்கு தின்னலாம்.”

அவள் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. சிரிப்பு வந்துபோகிற இடம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

“தகடு இருக்கறது யாருக்கெல்லாம் தெரியும்?”

“இங்க எல்லாருக்கும் சார். என் மண்டைதான் இங்க பாடப் புஸ்தகம். புதுசா யார் சேந்தாலும் என் ஸ்கேனைக் குடுத்துத்தான் பழகச் சொல்லுவோம்.”

“யார் மேலயாவது சந்தேகம்?”

“எல்லார் மேலயும் சார்” என்றாள். “அதான் பயமா இருக்கு. முந்தாநாள் வரைக்கும் கூட உக்காந்து சாப்பிட்டவங்க.”

பத்தே முக்கால். முதலில் கோதண்டராமன்.

“அந்த ரூம் சாவி யார்கிட்ட?”

“அந்தப் பொண்ணுகிட்ட மட்டும்தான் சார். அதான் எனக்கு ஒடம்பு நடுங்குது. பூட்டின ரூமுக்குள்ள எப்படி?”

“உங்களுக்கு இந்த மாதிரி படம் செய்யத் தெரியுமா?”

“எனக்கா? மவுசைப் பிடிச்சாலே கை வழுக்குது சார். பில்லு அடிக்கறதுக்கே மாறனைக் கூப்பிடுவேன்.”

அடுத்தது மாறன். அனிமேஷன் செய்பவன். கண் சிவந்திருந்தது.

“என்னைத்தான் சந்தேகப்படுவீங்கன்னு தெரியும் சார். போன வருஷம் அறிவுகிட்ட கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன். முடியாதுன்னுச்சு. அதோட விட்டுட்டேன்.”

“விட்டுட்டியா?”

“விட முயற்சி பண்றேன் சார்.”

“பூட்டின ரூம்ல படம் எப்படி வந்துது?”

“எல்லா மெஷினும் ஒரே கேபிள்ல மாட்டியிருக்கு. என் சீட்ல இருந்தே அனுப்பலாம். யார் சீட்ல இருந்தும் அனுப்பலாம்.”

“அப்ப பூட்டு எதுக்குடா?”

“மவுஸ் திருடு போவுது சார்.”

“படத்தைப் பாத்தியா?”

மாறன் தலையைக் குனிந்துகொண்டான். “துப்பட்டாவை லேசா தூக்கினேன். மூக்குத்தியைப் பாத்ததும் போட்டுட்டேன். அதுக்கு மேல முடியல. விழுந்த அன்னைக்கு வண்டி ஓட்டினது நான்தான் சார். ஆஸ்பத்திரி வரைக்கும் இந்தக் கையாலதான் அது தாடையைத் தாங்கிப் பிடிச்சிருந்தேன்.” வலது கையால் தன் வலது தாடையைப் பொத்திக் காட்டினான்.

கடைசியாக வளவன். இரண்டு மாதம் முன்பு சென்னையிலிருந்து வந்து சேர்ந்தவன். அவன் கொண்டுவந்து காட்டிய மாதிரிப் படங்களைப் பார்த்து அசந்துபோய்த்தான் கோதண்டராமன் வேலை கொடுத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான குரல்.

“சார், முதல்ல கொஞ்சம் வெந்நீர் குடிங்க. ரொம்ப வீங்கியிருக்கு. அறிவுமதி மேடத்துக்கும் இதே பக்கம்தான் சார் தகடு. மழை நாள்ல வலிக்கும்னு சொல்லுவாங்க.”

“நல்ல பிள்ளைப்பா நீ. முதலாளிக்கு அப்புறம் என் பல்லைப் பத்தி விசாரிச்சவன் நீ ஒருத்தன்தான். அந்தப் பொண்ணோட தகராறு எதுவும் உண்டா?”

“சேச்சே. அவங்கதான் எனக்கு சீனியர். இந்த வாரத்துல இருந்து எந்த மாடலா இருந்தாலும் அவங்க திறந்து பாத்து சரின்னு சொன்னாத்தான் வெளிய போகும்.”

“சரோஜாம்மா மாடலையும் பாத்தாங்களா?”

“நேத்து அவங்க லீவு. டாக்டர் அவசரப்படுத்தினதால முதலாளி அனுப்பிட்டாரு.”

“படத்தைப் பாத்தியா?”

“இல்ல சார். பாக்கத் தைரியம் இல்ல.”

பதினொன்றரை. சக்கரவர்த்தி தனியாக அறிவுமதியின் அறைக்குள் போனார். துப்பட்டா போர்த்திய திரை, யாரோ முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் என்பதைப் போலீஸ் தேர்வில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருபது வருடமாக அந்த ரகசியத்தைக் காப்பாற்றி வருகிறார்.

துப்பட்டாவை எடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த கைக்கண்ணாடியைக் கழற்றித் தன் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, கொஞ்சம் இப்படி வா” என்று வெளியே குரல் கொடுத்தார். “திரையைப் பாக்க வேணாம். என்னைப் பாத்து பதில் சொல்லு. அதைவிட இது மோசமான மூஞ்சிதான், இருந்தாலும் பரவால்ல. ஸ்கேன்ல இருந்து மண்டையோடு எப்படி செய்யறீங்க?”

அவள் கதவுக்கு அருகிலேயே நின்றாள். கண் தரையில் இருந்தது. ஆனால் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் குரல் நடுங்குவது நின்றுவிட்டது.

“வெள்ளரிக்காயை வில்லை வில்லையா நறுக்கற மாதிரி சார். ஸ்கேன் மெஷின் தலையை அப்படித்தான் படம் எடுக்கும். எங்களுக்கு வில்லைங்கதான் வரும். அதை வரிசையா அடுக்கினா முழுத் தலை வந்துடும். ஒவ்வொரு வில்லையும் கால் பக்கமிருந்து அண்ணாந்து பாக்கற மாதிரிதான் இருக்கும். அதைத் தெரிஞ்சு அடுக்கணும்.”

“மாத்தி அடுக்கினா?”

“தலை தலைகீழா வரும்.”

“அதான் பாத்தவுடனே தெரிஞ்சுடுமே. நேரா நிக்க வெச்சுடலாமே.”

“அங்கதான் சார் புதுசா வர்றவங்க மாட்டிக்குவாங்க. திருப்பி நிக்க வெச்சுட்டு சரியாயிடுச்சுன்னு நெனைப்பாங்க. ஆனா கண்ணாடில தெரியற மாதிரி இடது வலதா மாறியிருக்கும். வயித்துல இந்தத் தப்பைப் பண்ணா கல்லீரல் எதிர்ப்பக்கம் வந்து காட்டிக்குடுத்துடும். தலைல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. யாருக்கும் தெரியாது.”

“யாருக்கும் தெரியாது” என்று சக்கரவர்த்தி மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “எல்லாரையும் கூப்பிடு.”

மணி பன்னிரண்டு. சின்ன அறையில் அத்தனை பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். அப்பாசாமி தோளில் பை இன்னும் தொங்கியது.

“இந்தப் படத்தை நிதானமா பாத்த ஆளு நான் ஒருத்தன்தான்” என்று சக்கரவர்த்தி ஆரம்பித்தார். “இது மத்தவங்க தப்பு இல்ல. பயந்தவங்க பாக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணு துப்பட்டாவைப் போட்டு மூடிடுச்சு. மாறன் பாதியில கைய எடுத்துட்டான். நானும் பயந்தாங்கொள்ளிதான், ஆனா பாக்கறதுக்கு அரசாங்கம் எனக்கு சம்பளம் குடுக்குது. உதட்டுக்கு மேல போட்டோ. அது சரியா இருக்கு. மூக்குத்தி வலது பக்கம். உதட்டுக்குக் கீழ ஸ்கேன்ல இருந்து செஞ்ச எலும்பு. தகடு இடது பக்கம். ஏம்மா, உன் தழும்பு எந்தப் பக்கம்?”

அறிவுமதியின் கை தானாக வலது தாடைக்குப் போனது.

“மூக்குத்திப் பக்கம்” என்றாள்.

“படத்துல எதிர்ப்பக்கம். அப்ப இதைச் செஞ்சவனுக்கு வில்லையை அடுக்கத் தெரியல. இந்தப் பொண்ணோட தாடை எந்தப் பக்கம் உடைஞ்சுதுன்னும் தெரியல. முதலாளிக்கு மவுசே வழுக்குது. மாறனுக்கு உடைஞ்ச பக்கம் கையிலயே பதிஞ்சிருக்கு, அவன் தூக்கத்துல செஞ்சாலும் தப்பா செய்ய மாட்டான். இன்னும் ஒருத்தர் இருக்காரு. என் இடது கன்னத்தைப் பாத்து, மேடத்துக்கும் இதே பக்கம்தான்னு அக்கறையா சொன்னாரு. தகடு எந்தப் பக்கம்னு அந்த ஆளு அவங்க மூஞ்சியைப் பாத்துக் கத்துக்கல. தான் செஞ்ச தப்பான மண்டையோட்டைப் பாத்துக் கத்துக்கிட்டாரு. என்ன வளவன்?”

வளவன் சிரிக்கப் பார்த்தான். “சார், வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னேன். இதெல்லாம் ஒரு ஆதாரமா?”

“கேபிள்ல படம் எந்த சீட்ல இருந்து போச்சுன்னு மாறன் பாத்து சொல்லுவான். நான் ஆரம்பிச்சு வெச்சேன், அவ்வளவுதான்.”

மாறன் அவன் சட்டையைப் பிடிக்க ஓரடி எடுத்து வைத்தான். அப்பாசாமி பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு அடி எடுத்து வைத்தார். அதற்குள் அறிவுமதியின் குரல் கேட்டது. மிகவும் சின்னக் குரல்.

“வளவன்.”

எல்லோரும் திரும்பினார்கள். அவள் திரைக்கு நேராக நின்றிருந்தாள். உரித்த தன் தாடையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரோஜாக்கா மாடலும் முதல்ல தலைகீழா வந்துதா? திருப்பித்தான் நிக்க வெச்சியா?”

வளவன் முகத்தில் இருந்த பணிவும் சிரிப்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தன.

“ஆமா” என்றான். “எல்லாத்தையும் அப்படித்தானே நிக்க வைக்கணும்?”

சக்கரவர்த்தி தன் பல் வலியை மறந்தார். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு நிமிடம் முன்பு வரை அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. அது எங்கே போனது என்று தெரியவில்லை.

அறிவுமதி நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று நாளாகத் தொடப் பயந்த கணினி. தப்பாக ஒரு விசைகூட அழுத்தவில்லை. சரோஜாவின் ஸ்கேன் வில்லைகளைத் திறந்தாள். சரியான வரிசையில் அடுக்கினாள். பக்கத்தில் வளவன் செய்த மாடலைத் திறந்தாள்.

ஒரே தலை. ஒரே கட்டி. ஒன்றில் வலது காதுக்கு மேலே. மற்றதில் இடது காதுக்கு மேலே.

“சாமி” என்றார் கோதண்டராமன்.

பன்னிரண்டே கால். டாக்டரின் செல்போன் அணைந்திருந்தது. மருத்துவமனை எண் தொடர்ந்து அடித்தது, எடுத்தவர் ‘லைன்ல இருங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார், போனவர் போனவர்தான். மாறன் முருகையனின் செல்போனுக்கு அடித்தான்.

“மாறன் தம்பியா? நானே கூப்புடணும்னு இருந்தேன். இப்பதான் உள்ள தள்ளிட்டுப் போனாங்க. மொட்டை அடிச்சதுல அவ மூஞ்சியே வேற மாதிரி…”

அறிவுமதி போனைப் பிடுங்கினாள். “மாமா, அறிவுமதி. நான் சொல்றதை மட்டும் கேளுங்க. டாக்டர் கையில இருக்கற எங்க மாடல் தப்பு. பக்கம் மாறியிருக்கு. கட்டி வலது பக்கம். கதவைத் தட்டுங்க. யார் தடுத்தாலும் தட்டுங்க. கட்டி வலது பக்கம், அங்கம் மாடலைப் பாக்காதீங்கன்னு சொல்லுங்க.”

“எனக்குப் புரியலம்மா.”

“உங்களுக்குப் புரிய வேணாம் மாமா. கத்துங்க. கடையில கத்துவீங்கல்ல, அந்த மாதிரி.”

போன் அணையவில்லை. முருகையன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். துணி உரசும் சத்தம். செருப்புச் சத்தம். ‘யோவ், உள்ள போகாத’ என்று ஒரு குரல். பிறகு பே கோபுரத் தெரு முழுக்கக் கேட்டுப் பழகிய அந்தத் தொண்டை, எங்கோ ஒரு பெரிய கட்டடத்தின் நடைபாதையில், “வலது பக்கம்! டாக்டரய்யா, வலது பக்கம்!” என்று உடைந்து கத்தியது. அத்தோடு இணைப்பு அறுந்தது.

அதற்குப் பிறகு அந்த அறையில் எவ்வளவு நேரம் போனது என்று யாரும் பார்க்கவில்லை. அப்பாசாமி சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்துவிட்டார். சக்கரவர்த்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வளவன் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தான். அவன் தோள் குலுங்கியது.

“நான் கல்யாண வீடியோவுக்கு டைட்டில் போட்டுக்கிட்டிருந்தவன் சார்” என்றான் விரல்களுக்கு நடுவே. “வேலை கேட்டு வந்தப்ப காட்டின படமெல்லாம் ஒரு சிநேகிதனோடது. வேலைக்கு வந்து கத்துக்கலாம்னு நெனச்சேன். அவங்க திறந்து பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. ஊர்ல தங்கச்சிகிட்ட பெரிய வேலைன்னு சொல்லியிருக்கேன். ரொம்ப பயம் சார்.”

“சரிப்பா. அந்தப் பயத்தை நீயே வெச்சிருக்கலாம்ல” என்றார் சக்கரவர்த்தி. கோபமாகச் சொல்ல நினைத்தார், வரவில்லை. “அதைத் தூக்கி அந்தப் பொண்ணு கையில குடுத்துட்டியே.”

மணி ஒன்று ஆவதற்குள் போன் அடித்தது. டாக்டர். அறிவுமதியைப் பேசச் சொல்லிச் சக்கரவர்த்தி ஒலிபெருக்கியை அழுத்தினார்.

“யார்மா அது? ஸ்கேன் பிலிமைப் பாத்துட்டேன். வலதுதான். நீ சொன்னது சரி.” களைத்த குரல். “ஆபரேஷன் தியேட்டர்ல எப்படியும் பிலிம் மாட்டுவோம். கத்தி வைக்கறதுக்கு முன்னாடி பாத்திருப்பேன்.”

அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

“பாத்திருப்பேன்னு நெனைக்கிறேன்” என்றார் டாக்டர். “நேத்து ராத்திரியிலேர்ந்து உங்க மாடல்லதான் ஒத்திகை பாத்துட்டிருந்தேன். கை அந்தப் பக்கமே பழகிடுச்சு. சரி, நான் உள்ள போகணும். அந்த டீக்கடைக்காரருக்கு யாராவது தண்ணி குடுங்க, அழுதுகிட்டே இருக்காரு.”

மதியம் இரண்டரைக்கு ஜீப் கிளம்பத் தயாரானது. பின் சீட்டில் வளவன். சக்கரவர்த்தி புகாரில் கையெழுத்து வாங்க மேலே வந்தார்.

“நான் பிடிச்சது பயந்துபோன ஒரு பையனை” என்றார் அறிவுமதியிடம். “பெரிய கேஸைக் கண்டுபிடிச்சது நீம்மா. ரிப்போர்ட்ல என் பேரைத்தான் போடுவாங்க. மனசுல வெச்சுக்காத.”

“நீங்க எங்க சார் போறீங்க, ஸ்டேஷனுக்கா?”

“அதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட. பிடுங்கறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம்னு பேனாவால கன்னத்துல எழுதிக்கிட்டுப் போகப் போறேன்.”

அப்பாசாமி பையை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றார். “மூணு மணி பஸ்ஸு” என்றார். கேள்வி மாதிரியும் இல்லை, கட்டளை மாதிரியும் இல்லை.

“நீங்க போங்கப்பா. வளவன் செஞ்ச மத்த மாடலையெல்லாம் திறந்து பாக்கணும். எங்கெங்க போயிருக்குன்னு தெரியல.”

அவர் மகளைப் பார்த்தார். திரையில் இன்னும் இருந்த அந்தப் படத்தை முதன்முறையாக, ஓரக்கண்ணால், பார்த்தார். பிறகு பையை அவள் மேசைமேல் வைத்தார். “சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸும் இருக்குது. கீழ நிக்கறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அறிவுமதி மவுசை அந்தப் படத்தின் மேல் நகர்த்தினாள்.

“அம்மா, அம்மா, அழிச்சிடாத” என்றார் சக்கரவர்த்தி. “சாட்சி அது.”

“அழிக்கல சார். உங்களுக்கு ஒரு பிரதி சி.டி.ல போட்டாச்சு. இது என்னோடது.”

பயம் முழுதாகப் போய்விடவில்லை. படிக்கட்டில் சத்தம் கேட்டபோது அவள் தோள் ஒரு முறை தூக்கிப் போட்டது. இனிச் சில காலம் அப்படித்தான் இருக்கும். ஆனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. இடது தாடையில் இருந்த தகட்டைக் கழற்றினாள். எலும்பை முறையாகத் திருப்பினாள். மூக்குத்திக்கு நேர் கீழே, வலது காதுக்கு அருகில், நாலு திருகாணியையும் ஒவ்வொன்றாக அதன் இடத்தில் வைத்து முடுக்கினாள்.

பிறகு, தள்ளி உட்கார்ந்து, தன் முகம்தானா என்று பார்த்தாள்.